லுட்டாயாவின் வலது புருவம்

மூன்றாவது முறையும் டீ சட்டையில் சிந்தியபோது லுட்டாயா கோப்பையைத்தான் சந்தேகப்பட்டார்.

"இதுல ஓட்டை இருக்கு," என்றார்.

அவர் மனைவி நாலோங்கோ கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஓட்டை கோப்பையில இல்ல, ஸாலோங்கோ. உங்க வாயில."

கண்ணாடி வந்தது. முகத்தின் இடது பாதி தூங்கிக்கொண்டிருந்தது. வலது பாதி மட்டும் விழித்துக்கொண்டு பயந்தது. இடது கண் மூட மறுத்தது. வாய் வலது காதிடம் ஏதோ ரகசியம் சொல்லப் போவதுபோல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை வர்றாங்களே," என்றார் லுட்டாயா. சாவைப் பற்றிய நினைப்புகூட அதற்கப்புறம்தான் வந்தது.

மாதக் கடைசி சனிக்கிழமை லுபோவா வீட்டுப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. மகள் பபிரியேவைப் பெண் கேட்டு, சடங்கை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று பேசுவார்கள். 'முடியாது' என்று சொல்வதற்கு லுட்டாயா பல நாளாக ஒத்திகை பார்த்துவந்தார்.

லுபோவா கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை. பெரியவர்களைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்குவான். ஆனால் கிட்டெங்கா கடைத்தெருவில் உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான். காணாமல் போன ஆடு, இறந்துபோன மனிதர், தடுப்பூசி போடும் நாள், இரவல் வாங்கித் திருப்பித் தராத கோடாலி, எல்லாவற்றையும் விடிவதற்கு முன்பே ஊருக்கு அறிவிப்பான். ஒரு குழாய் நேராக லுட்டாயாவின் படுக்கையறையைப் பார்த்தது.

"தகரக் குழாயில கத்துறவனுக்கு என் பொண்ணா?" என்று கேட்டதோடு அவர் பேச்சை முடித்திருந்தார். பபிரியே அழுது பார்த்தாள். பிறகு அழுவதை விட்டாள். அப்பாவிடம் பேசுவதையும் விட்டாள். நாலோங்கோ மட்டும் கணவர் பக்கம் நின்றாள். "அப்பா இல்லைன்னா இல்லதான். மல்லுக்கு நிக்காதே," என்று மகளை அதட்டினாள்.

இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கு ஊர் கொடுக்கும் பட்டம் ஸாலோங்கோ, நாலோங்கோ. பிறந்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முகம் கோணிய அன்று மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருத்தி, "லுட்டாயாவுக்குச் செய்வினையாம்," என்று பெயரைச் சொன்னாள். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற கணக்கில்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கவாதம் இல்லை என்றார். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கிவிட்டது, அவ்வளவுதான். மாத்திரை எழுதினார். கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் இருந்தவள் அமோடிங். சொரோட்டிப் பக்கத்துப் பெண். நெடுநெடுவென்று உயரம், பேச்சு மட்டும் குட்டை. லுட்டாயாவைப் படுக்கவைத்து வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டாள்.

"பயந்தவங்களுக்குச் சொன்னா மண்டையில ஏறாது. அம்மா, நீங்க வாங்க. உங்களுக்குச் சொல்லித் தர்றேன்," என்று நாலோங்கோவை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

துண்டுக்கடியில் லுட்டாயா தன் சவ ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் லுபோவாதான் அறிவித்தான். வராந்தாவில் இரண்டு பெண்கள் பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் நாலோங்கோ பாடத்தை ஒப்பித்தாள்.

"கண்ணை மெதுவா மூடித் திறக்கணும். விசில் அடிக்கிற மாதிரி வாயைக் குவிக்கணும். புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்கணும். புருவம்தான் முக்கியம். காலைல, மத்தியானம், சாயங்காலம். எங்க இருந்தாலும், யார் இருந்தாலும், வேளை தப்பக் கூடாது. தப்பினா வாய் இப்படியே நின்னுடும்."

"இஃபடியேவா?"

"இப்படியேதான்."

லுட்டாயா அன்றே ஆரம்பித்தார். இடது புருவம் அசையவில்லை. வலது மட்டும் ஏறி இறங்கியது.

கூட்டுறவுக் காப்பிக் கிடங்கில் அவர்தான் தரம் பார்ப்பவர். காய்ந்த காப்பிக் கொட்டையைப் பல்லில் வைத்துக் கடிப்பார். உடைந்தால் நல்லது. அழுந்தினால் ஈரம். கிட்டெங்காவில் எல்லோருமே 'ஆமாம்' என்பதைப் புருவத்தால்தான் சொல்வார்கள். வாயைத் திறப்பது சண்டைக்குத்தான். லுட்டாயாவின் புருவத்துக்கு மட்டும் தனி மரியாதை இருந்தது, அது ஏறுவது அபூர்வம் என்பதால். ஏறினால் மூட்டை தராசுக்குப் போகும். ஏறாவிட்டால் திரும்பவும் வெயிலுக்குப் போகும்.

மறுநாள் மத்தியானம் நாலோங்கோ வாழையிலையில் கட்டிய சாப்பாட்டோடு கிடங்குக்கு வந்தாள். அதே நேரம் அவள் தம்பி கக்வாவும் தன் மூட்டையோடு வந்திருந்தான். அவன் காப்பி எந்த வருடமும் காய்ந்ததில்லை.

"மச்சான், இந்தத் தடவை கொட்டையைப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கும்," என்றான்.

லுட்டாயா வலது பக்கப் பல்லால் கடித்தார். வேகவைத்த கிழங்குபோல அழுந்தியது.

"வேளை ஆச்சு, ஸாலோங்கோ. பயிற்சி," என்றாள் நாலோங்கோ.

"இரு, இந்த மூட்டையை..."

"நரம்புக்கு மூட்டை தெரியுமா, தராசு தெரியுமா?"

வாய் அப்படியே நின்றுவிடும் என்ற பயத்தில் லுட்டாயா புருவத்தைத் தூக்கினார். சுமைக்காரன் மூட்டையைத் தூக்கினான்.

"ஏய்! ஈரம்! ஈரம்!" என்று கத்தினார். பாதி உதட்டில் அது வேறு என்னவோவாக வெளியே வந்தது.

"சீக்கிரமாம்டா. சீக்கிரம்ங்கிறாரு. ஓடு," என்றான் கக்வா.

வரிசையில் நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை.

"ஒரு புருவம்தானே ஏறிச்சு? அது அரைச் சம்மதம்தான்."

"அப்படின்னா அரை மூட்டை எடு."

"என் அக்கா புருஷன் அரைகுறையா பேசுற ஆளா?" என்று கக்வா நெஞ்சை நிமிர்த்தினான். "மனசு முழுசா சம்மதம். முகம்தான் பாதி வேலை செய்யுது."

மறுநாளிலிருந்து ஊரில் ஈரக் காப்பி வைத்திருந்த எல்லோரும் சரியாக மத்தியானத்துக்கு வந்தார்கள்.

வீட்டில் நாலோங்கோ அவரை உண்டு இல்லை என்று ஆக்கினாள். "என் தம்பின்னா ஈரக் காப்பியை எடுத்துடுவீங்களா? நாளைக்கு ஊர் என்னைத்தான் பேசும். இத்தனை வருஷமா அவனைத் திருப்பி அனுப்பின மனுஷன்தானே நீங்க?"

"அது ஃபயிற்சி!"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?" சிறிது நேரம் யோசித்தாள். "ஒண்ணு செய்யுங்க. இடது புருவத்தை விரலால தூக்கி விடுங்க. விரல் வச்சுத் தூக்கினா அது வைத்தியம்தான்னு சின்னப் புள்ளைக்கும் புரியும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் சாக்கடையில் விழுந்த விரிசலை அடைக்கக் கொத்தனார் வந்தார். லுட்டாயா முற்றத்தில் ஸ்டூல் போட்டு, இடது புருவத்தில் விரல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஸாலோங்கோ," என்றார் கொத்தனார், "போன வருஷமும் கேட்டேன், அதுக்கு முந்தின வருஷமும் கேட்டேன். நீங்க பிடி கொடுக்கலை. அந்தப் பழைய சமையலறையில புகை போக வழி இல்ல. நாலோங்கோ கண்ணு சிவந்து கிடக்கு. இடிச்சிட்டு ஜன்னல் வச்சுப் புதுசா கட்டிடலாமா?"

புருவம் ஏறியது. விரலும் ஏறியது.

கொத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு பக்கம் செத்துக் கிடந்தாலும் கையால தூக்கிச் சரின்னு சொல்றீங்களே. இப்படி ஒரு புருஷனை நான் பார்த்ததில்ல," என்றார். அடுத்த நிமிடம் சுவரில் மண்வெட்டி இறங்கியது.

லுட்டாயா எழுந்து ஓடுவதற்குள் ஒரு பக்கம் வானம் தெரிந்தது.

நாலோங்கோ தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, என் அடுப்பு! என் அடுப்பு என்ன பாவம் செஞ்சுது? இந்த மழைக்காலத்துல நான் எங்கே போய்ச் சமைப்பேன்?"

அந்த வாரம் முழுவதும் முற்றத்தில்தான் சமையல். வாழைக்காய் மசியலில் மழைத்தண்ணீர் விழுந்தது. நிலக்கடலைக் குழம்பில் சாம்பல் விழுந்தது. அதையும் பாதி வாயால் சாப்பிட வேண்டியிருந்தது. லுட்டாயாவுக்குச் சனிக்கிழமையைப் பற்றித்தான் கவலை. காப்பி போகட்டும். சமையலறை போகட்டும். பெரியவர்கள் முன்னால் இந்தப் புருவம் ஏறினால் மகள் போய்விடுவாள்.

ஊருக்கே ஒரே நாளில் சேதி சொல்ல ஒரு வழிதான் இருந்தது. அது நான்கு குழாய்களோடு கம்பத்தில் தொங்கியது.

லுபோவாவின் தகரக் கொட்டகைக்குள் அவர் நுழைந்தபோது அவன் கையிலிருந்த மைக் கீழே விழுந்தது.

"ஐயா! நீங்களா? இங்கேயா?"

"உக்கார வரலை," என்றார் லுட்டாயா. கால் வலித்ததால் உட்கார்ந்தார்.

அவன் டீ போட்டான். சிந்தாமல் இருக்க உறிஞ்சு குழல் ஒன்றும் தேடிக் கொடுத்தான். அவர் குடித்தார். பிறகு தொங்கிய உதட்டோரத்தை விரலால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஊருக்கு அறிவி. என் புருவம் ஏறினா அது பயிற்சி. சம்மதம் இல்ல. யாரும் அதை நம்ப வேண்டாம். புரிஞ்சுதா?"

"ஒரு எழுத்து மாறாம சொல்றேன், ஐயா."

லுபோவா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. முன்னால்தான் கொஞ்சம் சேர்த்தான்.

"கிட்டெங்கா மக்களே, கேளுங்க!" என்று நான்கு குழாயும் முழங்கின. "என்னைக்கும் இல்லாத அதிசயமா, மதிப்புக்குரிய ஸாலோங்கோ லுட்டாயா அவர்கள் தன் கால்ல நடந்து, என் கொட்டகைக்கே வந்து, என் ஸ்டூல்ல உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடிச்சு, ஒரு முக்கியமான சேதி சொல்லியிருக்கார்..."

சந்தையில் தக்காளி விற்ற பெண்கள் அதற்குமேல் கேட்கப் பொறுக்கவில்லை. நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். காய்கறி வண்டிக்காரர்கள் மணி அடித்தார்கள். மீதிச் சேதி யார் காதிலும் விழவில்லை.

லுட்டாயா வீட்டுக்குத் திரும்பும் வழியில் பதினோரு பேர் கைகொடுத்தார்கள்.

"என்ன காரியம் செஞ்சீங்க?" நாலோங்கோ வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீடு தேடிப் போறதா? கேவலம்! இனி அவங்க பெரிய பந்தலாப் போட்டுட்டுத்தான் வருவாங்க."

"சனிக்கிழமை நானே வாயால சொல்லுவேன். ஃபுருவத்தை அசைக்கவே மாட்டேன். அன்னைக்கு ஃபயிற்சியும் கிடையாது."

"உங்க இஷ்டம்," என்றாள் நாலோங்கோ பணிவாக. "வாய் கோணலா நின்னா நின்னுட்டுப் போகட்டும். நான் பழகிக்கிறேன்."

அது அவரை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. சனிக்கிழமை விடிவதற்கு முன் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வேளைப் பயிற்சியையும் ஒன்றாகச் செய்து முடித்தார்.

பெரியவர்கள் வெள்ளை அங்கியும் மேலே கோட்டும் போட்டு வந்தார்கள். பெண்கள் பாயில் மண்டியிட்டு வணக்கம் சொன்னார்கள். நலம் விசாரிப்பு நீண்டது. ஆடு நலம், தோட்டம் நலம், மழை நலம். லுபோவா தரப்பில் பேச வந்தவர் முகீபி என்ற கிழவர். வழுக்கைத் தலை, வழுக்கும் நாக்கு.

"நாங்க வழி தவறி வரலை, ஸாலோங்கோ," என்று ஆரம்பித்தார். "உங்க தோட்டத்துல ஒரு நல்ல வாழைக்குலை இருக்கிறதா கேள்விப்பட்டோம். எங்க வீட்டுல ஒருத்தன் பசியில மெலிஞ்சு போயிட்டான்."

கதவுத் துணிக்குப் பின்னால் பபிரியேவின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டிருந்தது.

லுட்டாயா உதட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முடி. யா. து."

இதைவிடத் தெளிவாக எந்த வாயும் சொல்லியிருக்க முடியாது. முகீபி அசையவில்லை. அவர் வாயைப் பார்க்கவே இல்லை, நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோய்ப்பட்ட வாய்கிட்ட பதில் கேக்கிறது நியாயம் இல்ல," என்றார். "அது கோணல், கோணலாத்தான் சொல்லும். புருவத்துக்கு வலது பக்கமாவது நேரா இருக்கு. நாங்க காத்திருக்கோம்."

எல்லோரும் நெற்றியைப் பார்க்கத் திரும்பினார்கள்.

லுட்டாயா புருவத்தைப் பிடித்துவைத்தார். காப்பி மூட்டையைத் தலையில் சுமப்பதைவிட அது கனமாக இருந்தது. வியர்வை இறங்கியது. மூடாத இடது கண் தானாக நீர் விட்டது. முகீபி கூட வந்தவரிடம், "அழறாரு. மனசு இளகுது," என்று மெல்லச் சொன்னார். லுட்டாயா அதற்கும் அசையவில்லை. முகம் கோணியதிலிருந்து முதல் முறையாக அந்தப் புருவம் அவர் பேச்சைக் கேட்டது.

முகீபி பெருமூச்சு விட்டார். கைத்தடியை எடுத்தார். எழுந்திருக்கப் பாதி நிமிர்ந்தார்.

"சரி. பையன் இன்னொண்ணும் சொல்லச் சொன்னான். கம்பத்துல ஒரு குழாய் இந்த வீட்டைப் பார்த்து இருக்காமே. பெண் கொடுத்தா அதை இன்னைக்கே சதுப்பு நிலத்துப் பக்கம் திருப்பிடுறானாம். தவளைங்க கேட்டுக்கட்டும்னு சொன்னான்."

லுட்டாயாவுக்கு அது தோன்றவே இல்லை. குழாய் என்பது திரும்பக்கூடிய பொருள் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

வலது புருவம் ஏறியது. அதன் கூடவே, விரல் படாமல், யாரும் கேட்காமல், இடது புருவமும் தூக்கத்திலிருந்து எழுந்து ஏறியது.

ஒரு கணம் அவருக்கே என்ன நடந்தது என்று விளங்கவில்லை. கையால் தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை தூக்கினார். இரண்டும் ஏறின. வாயின் இடது ஓரம்கூட லேசாக நடுங்கியது.

"ஏறிடுச்சு!" என்று குதித்தார். "நாலோங்கோ, ரெண்டும் ஏறிடுச்சு! எல்லாரும் பாருங்க!"

"பார்த்தோம், ஐயா," என்றார் முகீபி. "நல்லாப் பார்த்தோம்."

குலவை அறையை நிரப்பியது. முதலில் தொடங்கியது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இடிந்த சமையலறைப் பக்கத்திலிருந்து வந்ததுபோல இருந்தது. அவர் இரண்டு கையையும் ஆட்டி, "இல்ல, இல்ல, இது வேற," என்று சொல்லப் போனார். அப்போது பபிரியே துணியை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"அப்பா," என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

லுட்டாயா அவளைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கினார். அவள் கேட்கும் முன்பே புருவம் இன்னொரு முறை ஏறியது. அந்த முறை அது பயிற்சி இல்லை.

அன்று சாயங்காலமே குழாய் திரும்பியது. மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் லுட்டாயா கண் விழித்தார். இப்போது இரண்டு கண்ணும் மூடின.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குக் கடைசி முறையாகப் போனார். நாலோங்கோ வரவில்லை. புதுச் சமையலறைக்கு ஜன்னல் வந்து இறங்கும் நாள் அது. கக்வா காப்பி விற்ற கையோடு அதைத் தூக்கிவர ஒப்புக்கொண்டிருந்தான். லுட்டாயா அமோடிங்குக்கு ஒரு சேவலைக் கொண்டுபோனார்.

அமோடிங் கண்ணை மூடச் சொன்னாள். கன்னத்தை உப்பச் சொன்னாள். சிரிக்கச் சொன்னாள். அவர் சிரித்தார், சிரிப்பு நடுவில் வந்து நின்றது.

"நல்லா ஆயிடுச்சு, ஐயா. ஒழுங்கா செஞ்சிருக்கீங்க."

"ஒரு வேளை தப்பலை, மகளே. சந்தையிலயும் செஞ்சேன், கிடங்குலயும் செஞ்சேன். கேலி பண்ணாங்க. காப்பி போச்சு, சுவர் போச்சு, பொண்ணும் போகுது. ஆனா நீ சொல்லிக்கொடுத்த அந்தப் புருவப் பயிற்சிதான் என் முகத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு."

சேவலின் காலை அவிழ்த்துக்கொண்டிருந்த அமோடிங் நிமிர்ந்து பார்த்தாள்.

"புருவமா? நான் கண்ணும் வாயும் மட்டும்தானே சொன்னேன், ஐயா? உங்க வீட்டம்மாதான் வராந்தாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க: 'கூடவே புருவத்தையும் தூக்கச் சொன்னா உடம்புக்கு ஒண்ணும் கெட்டுடாதே?'ன்னு."